சூளைக்குப் போகும் சிப்பிகள்

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கம் ஒரு நீர்நிலையைத் தூர்வாரியபோது பெரிய பெரிய உருண்டைக் கற்கள் வெளியே வந்தன. ‘டைனோசர் முட்டை’ என்று வாட்ஸ்-அப்பில் கிளம்பிய செய்தி, படங்களோடு மாவட்டம் தாண்டிப் போனது. புவியியலாளர்கள் பார்த்துவிட்டு, இவை முட்டை இல்லை, அம்மோனைட் என்ற பழைய கடல் உயிரியின் ஓட்டைச் சுற்றி வண்டல் படிந்து இறுகிய கற்கள் என்றார்கள். பரபரப்பு அதோடு அடங்கிவிட்டது. 2009-ல் செந்துறை அருகே டைனோசர் முட்டைத் தொகுதிகளைக் கண்டதாக சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிவித்ததிலிருந்தே இந்தப் பக்கம் உருண்டையாக எது கிடைத்தாலும் அது முட்டைதான்.

அம்மோனைட் என்றதும் ஆர்வம் வடிந்துபோனதே, அதுதான் வேடிக்கை. டைனோசர் முட்டைதான் வேண்டுமென்றால் குஜராத்தின் பாலாசினோர் பக்கம் போனால் போதும். ஒரே கடல் கிட்டத்தட்ட ஐந்து கோடி ஆண்டுகளாக ஏறியும் இறங்கியும் விட்டுச்சென்ற ஓடுகளை அடுக்கடுக்காக, ஒரே நாளில் டவுன் பஸ் பிடித்துப் பார்த்துவிடக்கூடிய இடங்கள்தான் உலகில் குறைவு. அரியலூரும் பெரம்பலூரும் அந்தக் குறைவான இடங்களில் சேர்ந்தவை. இந்த ஓடுகளை 180 ஆண்டுகளாக யார் யாரோ பொறுக்கினார்கள், வரைந்தார்கள், பெட்டி கட்டி கப்பலேற்றினார்கள், கடவுள் பெயர்கூட வைத்தார்கள். அவர்கள் எல்லோரையும்விடப் பெரிய சேகரிப்பாளர் 1939-ல் வந்து சேர்ந்தார். அவர் ஒரு தனி ஆள் இல்லை, சிமென்ட் ஆலை.

கடல் வந்த வழி

அரியலூரிலிருந்து வங்கக் கடல் நேர்க்கோட்டில் சுமார் 80 கிலோமீட்டர். ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலே இங்கே வந்திருந்தது. இந்தியா அப்போது ஆசியாவோடு ஒட்டவில்லை; அண்டார்டிகாவிடமிருந்து பிரிந்து, மடகாஸ்கரை இன்னும் விடாமல், தென் அரைக்கோளத்தில் இருந்தது. நிலம் பிளந்து தாழ்ந்த பள்ளத்தில் கடல் புகுந்தது, பின்வாங்கியது, மறுபடி புகுந்தது. ஒவ்வொரு முறையும் சேறும் மணலும் ஓடுகளும் படிந்தன. அந்தப் படிவுகளைப் புவியியலாளர்கள் கீழிருந்து மேலாக ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர், நின்னியூர் என்று நம் ஊர்களின் பெயரிலேயே பிரித்திருக்கிறார்கள். மேற்கே ஊட்டத்தூர் பக்கம் தொடங்கிக் கிழக்கே செந்துறை நோக்கிப் போனால், சற்று ஏறக்குறைய, பழமையிலிருந்து புதுமையை நோக்கிப் போகிறோம் என்று அர்த்தம்.

ஆலத்தூர் வட்டத்தில் காரைக்கும் குளக்காநத்தத்துக்கும் நடுவே இருக்கும் நிலத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மழைநீர் அறுத்து அறுத்துக் களிமண்ணை மேடும் பள்ளமுமாக்கிவிட்டது. பச்சை அதிகம் கிடையாது. வெயிலில் ஜிப்சம் துண்டுகள் மின்னும். குனிந்து தேடினால் துப்பாக்கித் தோட்டா மாதிரி, ஒரு முனை கூராக, பழுப்பு நிறக் கல் கிடைக்கும். அது பெலெம்னைட், கணவாய் இனத்து உயிரி ஒன்றின் உடலுக்குள் இருந்த ஓடு. ஒவ்வொரு மழைக்காலமும் புதிதாகச் சிலவற்றைக் கழுவி வெளியே வைத்துவிட்டுப் போகும். இந்திய புவியியல் ஆய்வுத் துறை காரையைப் புவிமரபு இடங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பக்கத்தில்தான் சாத்தனூர். 1940-ல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்து சொன்ன 18 மீட்டர் நீளக் கல்மரம் அங்கே கிடக்கிறது. நிலத்தில் நின்ற மரம் அது. ஆற்றோடு வந்து கடல் படிவில் புதைந்ததால்தான் கல்லாகி மிஞ்சியது.

அரியலூருக்குப் பக்கத்தில் கல்லங்குறிச்சி. ராமநவமித் திருவிழாவுக்கு வண்டி கட்டிக்கொண்டு சனம் வரும் கலியுக வரதராஜப் பெருமாள் கோயில் இங்கேதான். மூலவர் ஒரு கம்பம். கோயிலைச் சுற்றியுள்ள பூமிக்கடியில் இருக்கும் சுண்ணாம்புக்கல்லை ‘கல்லங்குறிச்சிப் படிவு’ என்று உலகத்து ஆய்விதழ்களில் எழுதுகிறார்கள். பல இடங்களில் அதைக் கல் என்று சொல்வதே மரியாதைக்குத்தான். தடித்த, வளைந்த கிரைஃபியா சிப்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடைந்து கிடக்கும் சிப்பிக் குவியல் அது. நடுநடுவே கடல்முள்ளெலியின் ஓடும் கிடைக்கும். உருண்டு திரண்டு, மேலே ஐந்து இதழ்ப் பூவை யாரோ ஊசியால் புள்ளி குத்தி வரைந்ததுபோல் ஒரு கோலம். அந்த இனத்தின் பெயர் ஸ்டிக்மடோபைகஸ் எலாடஸ். பெயர் வாயில் நுழையாவிட்டாலும் பரவாயில்லை, ஓட்டைக் கையில் எடுத்துப் பார்த்தவர் கீழே வைக்க மனம் வராமல் நிற்பார்.

கிழக்கே நின்னியூர் படிவுக்கு வந்தால் ஒரு விஷயம் குறைகிறது. அம்மோனைட் இல்லை. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களோடு அதுவும் போய்விட்டது. அதன் உறவுக்கார நாட்டிலஸ் மட்டும் இருக்கிறது. இன்றைக்கும் பசிபிக் கடலில் உயிரோடு இருக்கிறது. உலகமே பேசுகிற அந்தப் பேரழிவின் முன்னையும் பின்னையும் ஓடுகளை வைத்தே படிக்க முடிகிற ஊர் இது.

பெட்டி கட்டிய துரைமார்கள்

சங்கும் சிப்பியும் பொறுக்குவது மனிதனின் மிகப் பழைய பழக்கம். நமக்கு அது வளையலாகவும் பல்லாங்குழிச் சோழியாகவும் கோயில் வாத்தியமாகவும் வெற்றிலைச் சுண்ணாம்பாகவும் இருந்தது. ஐரோப்பாவில் 16, 17-ம் நூற்றாண்டுகளில் அது பணக்காரர்களின் அலமாரிக்குள் போனது. கீழைக் கடல்களிலிருந்து கப்பலில் வந்த கிளிஞ்சல்களுக்கு ஆம்ஸ்டர்டாமில் கடும் போட்டி. அம்போன் தீவில் கண்பார்வை இழந்த நிலையிலும் கிளிஞ்சல்களைத் தொகுத்த ரம்ஃபியஸின் புத்தகம் 1705-ல், அவர் இறந்த பிறகு, ஆம்ஸ்டர்டாமில்தான் அச்சேறியது. கல்லாகிப்போன ஓடுகள் மட்டும் அவர்களுக்குப் பெரிய தலைவலி. மலைமேல் சிப்பி எப்படி வந்தது? ஊழிவெள்ளமா, இயற்கையின் விளையாட்டா, கல்லே சிப்பிபோல முளைத்ததா? லியனார்டோ டா வின்சி தன் குறிப்பேடுகளில் இவை உண்மையிலேயே கடலில் வாழ்ந்தவைதான் என்று வாதாடியிருக்கிறார். 1565-ல் சூரிச்சில் கான்ராட் கெஸ்னர் புதைபடிவங்களின் படங்களோடு ஒரு புத்தகம் போட்டார். சொல்லால் விளக்கித் தீராத பொருளைப் படமாகக் காட்டினால்தான் இன்னொரு ஊர்க்காரன் தன் கையிலுள்ளதோடு ஒப்பிட முடியும் என்பது அங்கிருந்து பிடித்த வழி.

அந்த வழி 1840-களில் நம் பக்கம் வந்தது. மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்த சி.டி. கேய், புரூக் கன்லிஃப் என்ற இரண்டு அதிகாரிகள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பகுதிகளில் கல் ஓடுகளைத் திரட்டி லண்டனுக்கு அனுப்பினார்கள். மீன் பாகங்கள் பிலிப் எகெர்ட்டன் என்ற ஆய்வாளரிடம் போயின. ஓடுகள் எட்வர்ட் ஃபோர்ப்ஸிடம். ஃபோர்ப்ஸ் இந்தியாவையே பார்க்காதவர். 1846-ல் லண்டன் புவியியல் கழகத்தின் இதழில் படங்களோடு விரிவான அறிக்கை எழுதினார். புதுச்சேரியின் ஓடுகள் பாரிஸில் டொர்பினி என்ற ஆய்வாளரிடமும் போய்ச் சேர்ந்திருந்தன. நிலத்தை ஆண்டவர்கள் ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் என்று இரண்டு பேர், எனவே ஓட்டுக்கும் இரண்டு முகவரி.

ஃபோர்ப்ஸ் செய்த குறும்பு ஒன்று இன்றுவரை நிற்கிறது. புதுச்சேரிப் பக்கத்து அம்மோனைட்களுக்குப் பெயர் வைக்க உட்கார்ந்தவர் பிரம்மா, சூரியன், இந்திரன் என்று வரிசையாகத் தேவர்களைக் கூப்பிட்டார். பிரம்மாவின் பெயர் இன்று இனத்துக்கும் பேரினத்துக்கும் சேர்ந்து, ‘பிரம்மாய்டீஸ் பிரம்மா’ என்று இரட்டை மரியாதையோடு வழங்குகிறது. லண்டனில் இருந்த அவருக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ, நம்மவர்கள் அம்மோனைட்டை ஏற்கெனவே கடவுளாகத்தான் வைத்திருந்தார்கள். நேபாளத்தின் கண்டகி ஆற்றில் உருண்டு வரும் சாளக்கிராமம் அம்மோனைட்தான். அதற்குப் பட்டு விரித்து, பால் வார்த்து, தலைமுறை தலைமுறையாகப் பூஜை செய்யும் வீடுகள் காவிரிக்கரையில் எத்தனையோ. அதே இனத்து உயிரி பக்கத்து மாவட்டத்தில் கொல்லையில் கிடந்தது. கண்டகியில் பிறக்காததால் அதற்குப் பால் இல்லை.

முறையான அளவை 1850-களின் கடைசியில் நடந்தது. இந்திய புவியியல் ஆய்வுத் துறையின் ஹென்றி பிரான்சிஸ் பிளான்ஃபோர்டு இந்தப் பாறைகளை வகுத்து, 1862-ல் விரிவாக எழுதினார். ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்ற பிரிவுகள் அவர் போட்டவை. இதே பிளான்ஃபோர்டுதான் பின்னால் 1875-ல் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரானார். காரையின் வெயிலில் கல் பொறுக்கியவருக்கு மழையைப் பற்றி யோசிக்கத் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை.

அவரும் மற்றவர்களும் சேர்த்த ஓடுகள் கல்கத்தாவில் குவிந்தன. அவற்றைப் பற்றி எழுத ‘பேலியண்டாலஜியா இண்டிகா’ என்ற பெருந்தொடரைத் துறைத் தலைவர் தாமஸ் ஓல்டாம் 1861-ல் தொடங்கினார். தொடரின் முதல் பகுதியே நம் ஊர் பெலெம்னைட்களும் நாட்டிலஸ்களும்தான், எழுதியவர் பிளான்ஃபோர்டு. அதற்குப் பிறகு வந்தார் ஃபெர்டினான்ட் ஸ்டோலிச்கா. இன்றைய செக் குடியரசின் மொராவியாவில் 1838-ல் பிறந்தவர், 1862-ல் கல்கத்தாவில் வேலையில் சேர்ந்தார். அடுத்த பத்துச் சொச்சம் ஆண்டுகளில் அம்மோனைட்கள், நத்தை இனங்கள், இருவோட்டுச் சிப்பிகள், கடைசியாகக் கடல்முள்ளெலி, பவளம் முதலானவை என்று டைனோசர்களின் கடைசிக் காலமான கிரிட்டேஷியஸில் தென்னிந்தியாவில் வாழ்ந்த உயிர்களை நான்கு பெரிய தொகுதிகளில் முடித்துக் கொடுத்தார். 1873-ல் வேலை முடிந்தது. 1874 ஜூனில் யார்க்கந்துக்குப் போய்த் திரும்பிய பயணக்குழுவில், லடாக்கின் உயரத்தில் மூச்சுத்திணறி இறந்தார். வயது 36. அரியலூர் ஓடுகளைப் பற்றி இன்று யார் எழுதினாலும் அவர் பெயரில்லாமல் ஒரு பக்கம் நகராது.

1890-களில் வார்த் என்ற புவியியலாளர் திரட்டிய இன்னொரு தொகுப்பு வியன்னா போனது. அங்கே இருபது வயதுகளில் இருந்த ஃபிரான்ஸ் கொஸ்மாட், 1895-லிருந்து 1898 வரை அவற்றை வைத்து ஸ்டோலிச்காவின் அம்மோனைட்களைத் திருத்தி எழுதினார். இங்கே கிடைத்த வகைகள் மடகாஸ்கரிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஜப்பானிலும் கிடைப்பது தெரியவந்தது. கண்டங்கள் நகர்ந்தன என்று வெகெனர் சொல்ல இன்னும் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் இருந்தன. ஓடுகள் முன்கூட்டியே சொல்லிவிட்டன. கேட்கத்தான் ஆள் இல்லை.

கல்லை வரைந்த கல்

ஸ்டோலிச்காவின் தொகுதிகளில் எழுத்தை விட்டுவிடுவோம். படத்தட்டுகளை மட்டும் புரட்டினால் போதும். ஒரே அம்மோனைட்டைப் பக்கவாட்டில் ஒருமுறை, முதுகுப்புறம் பார்த்து ஒருமுறை. பிறகு தனியாக, ஓடையோரத்துப் பெரணி இலையின் ஓரம்போல் நெளிநெளியாக ஒரு கோடு. அந்தக் கோடுதான் முக்கியம். அம்மோனைட் வளர வளர ஓட்டுக்குள் அறை அறையாகத் தடுப்பு கட்டிக்கொண்டே போகும். தடுப்பும் வெளி ஓடும் சேரும் விளிம்பு ஒவ்வொரு இனத்துக்கும் ஒவ்வொரு மாதிரி நெளியும். வெளி ஓடு உதிர்ந்த கல்லில் அது தெரியும். சுருளில் இருக்கும் கோட்டை விரித்து நேராக வரைய வேண்டும். ஒரு நெளிவை விட்டுவிட்டால் இனமே மாறிவிடும். அலங்காரத்துக்கு வரைகிறவர் அழகான ஓட்டைத் தேர்ந்தெடுப்பார். இந்த வரைகலைஞருக்கு உடைந்ததைக் கொடுத்தாலும் உடைந்தபடியே வரைய வேண்டும். மூளியை ரொப்பி முழுசாக்கக் கூடாது.

வரைந்தது கல்லச்சில். 1796-ல் ஜெர்மனியில் செனஃபெல்டர் கண்டுபிடித்த முறை. வழவழப்பான சுண்ணாம்புக்கல் பலகையில் எண்ணெய்ப் பசையுள்ள குச்சியால் வரைவார்கள். கல்லை ஈரமாக்கி மையை உருட்டினால், ஈரமான இடம் மையைத் தள்ளும், பசைக்கோடு பிடித்துக்கொள்ளும். அதன்மேல் தாளை வைத்து அழுத்தினால் படம். அதற்குப் பெயர்போன கல் பவேரியாவின் சோல்ன்ஹோஃபென் சுரங்கத்தில் கிடைத்தது. அதுவும் ஒரு பழைய கடலின் சுண்ணாம்புப் படிவு. ஓல்டாமின் தொடர் தொடங்கிய அதே 1861-ல்தான் அந்தச் சுரங்கத்தின் ஆர்க்கியோடெரிக்ஸ் என்ற சிறகுள்ள புதைபடிவம் உலகுக்கு அறிமுகமானது. ஆக, நம் கடலின் ஓட்டை இன்னொரு கடலின் சேற்றில் வரைந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

கல்லில் வரைவது தாளில் திரும்பி விழும். இடது வலமாகும். அம்மோனைட்டுக்கு அதனால் பெரிய மோசமில்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரிச் சுருண்ட ஓடு. நத்தையும் சங்கும் அப்படி இல்லை. பெரும்பாலான நத்தை ஓடுகளில் கூம்பு மேலே இருக்கும்படி பிடித்தால் வாய் வலப்பக்கம் இருக்கும். கல்லில் அதை அப்படியே வரைந்துவிட்டால் அச்சில் வாய் இடப்பக்கம் போய்விடும். இயற்கையில் லட்சத்தில் ஒன்றாகக் கிடைப்பது புத்தகத்தில் சாதாரணமாகிவிடும். ரெம்ப்ராண்டே இதில் வழுக்கியிருக்கிறார். 1650-ல் அவர் செப்புத்தகட்டில் கீறிய கூம்புச் சங்குப் படம் உலகப் புகழ் பெற்றது. தன் கையெழுத்தைத் திருப்பி எழுத ஞாபகம் வைத்திருந்தவர், சங்கைத் திருப்பவில்லை. அச்சில் அது புரி மாறி நிற்கிறது. ஓவியருக்கு அது பிழையே இல்லை என்று வாதாடலாம். இனத்தைப் பிரித்தறிய வேண்டியவருக்கு அது பெரும் பிழை. அந்த இரண்டு தொழிலுக்கும் நடுவேயுள்ள தூரம் அந்த ஒரு சங்குதான்.

இதைத் தமிழனுக்கு விளக்கவே வேண்டாம். சாதாரணச் சங்கு இடம்புரி. லட்சத்தில் ஒன்று எதிர்ப்புறம் சுழித்தால் வலம்புரி, அதற்கு விலை தனி, வழிபாடு தனி. தூத்துக்குடிச் சங்குகுளியில் ஒரு வலம்புரி அகப்படுவது பருவத்தின் பெரிய செய்தி. அச்சகத்தில் ஓர் ஓவியர் கொஞ்சம் கண்ணயர்ந்தால் எத்தனை வலம்புரி வேண்டுமானாலும் கிடைக்கும்! அரியலூர் மாவட்டத்திலேயே இருக்கும் கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திர சோழனின் சிற்பிகள் விமானச் சுவரின் கோட்டங்களில் விஷ்ணுவை நிறுத்தியிருக்கிறார்கள். அவர் கையில் இருக்கும் சங்கு எந்தக் கடலில் எடுத்தது என்று யாரும் கேட்பதில்லை. அது தெய்வத்தின் ஆயுதம், மாதிரிப்பொருள் இல்லை. தஞ்சையில் சரபோஜி மன்னர் காலத்துச் சித்திரக்காரர்கள் பறவைகளையும் விலங்குகளையும் இறகு பிசகாமல் வரைந்து கொடுத்திருக்கிறார்கள். அளவெடுத்து வரையும் கை இந்த மண்ணில் இல்லாமல் இல்லை. எந்தக் கேள்விக்காக வரைகிறோம் என்பதுதான் வேறு.

இன்னொன்றும் உறுத்துகிறது. இந்த மாதிரி நூல்களின் முகப்பில் ஆராய்ச்சியாளர் பெயர் பெரிதாக இருக்கும். கல்லில் வரைந்தவர் பெயர் படத்தட்டின் அடியில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் பொடி எழுத்தில் கிடக்கும். 17-ம் நூற்றாண்டில் மார்ட்டின் லிஸ்டர் ஆயிரம் தட்டுகளுக்குமேல் போட்ட கிளிஞ்சல் நூலை வரைந்தது அவருடைய மகள்கள் சூசன்னாவும் அன்னாவும். அவர்களைப் பற்றிப் பேசவே உலகத்துக்கு முந்நூறு ஆண்டுகள் ஆயின.

மேசைமேல் ஏறிய கடல்

ஓடுகளை ஆய்வுக்காக மட்டும்தான் எடுத்தார்கள் என்றில்லை. அரியலூருக்கு மேற்கே கருடமங்கலம் என்ற ஊர். அங்கே சாம்பல் நிறத்தில், கெட்டியான ஒரு சுண்ணாம்புக்கல் கிடைக்கும். உடைத்தால் ஒன்றுமில்லை. மெருகேற்றினால் தெரியும் சங்கதி: கரும்சாம்பல் பரப்பு முழுக்க வெள்ளை வெளேரென்று சின்னச் சின்ன நத்தையும் சிப்பியும், குறுக்காக அறுபட்டதும் நெடுக்காக அறுபட்டதுமாக. ‘திருச்சி மார்பிள்’ என்று வெள்ளைக்காரர்கள் இதற்குப் பெயர் வைத்து, மேசைப் பலகையும் பேப்பர் வெயிட்டும் செய்துகொண்டார்கள். புவியியல்படி இது மார்பிளே இல்லை. மார்பிள் ஆகும் அளவுக்கு வெந்திருந்தால் ஓடு ஒன்றும் மிஞ்சியிருக்காது. என் கணக்கில் இந்த மாவட்டங்கள் தந்த ஆகச்சிறந்த கலைப்பொருள் இந்தக் கல்தான். யாரும் வரையவில்லை. அறுப்பவரின் வாள் எந்தக் கோணத்தில் இறங்குகிறதோ அதுவே ஓவியம்.

பெரிய சேகரிப்பாளர்

1939-ல் டால்மியாபுரத்தில் சிமென்ட் ஆலை வந்தது. அந்தப் பெயரை மாற்றக் கோரி 1953-ல் கல்லக்குடியில் நடந்த போராட்டம் தமிழக அரசியல் வரலாறு. இன்று ரயில் நிலையப் பலகையில் கல்லக்குடிதான். பாறைக்கு மட்டும் யாரும் போராடவில்லை. அங்குள்ள பவளச் சுண்ணாம்புப் படிவை உலகம் முழுக்க ‘டால்மியாபுரம் படிவு’ என்றுதான் எழுதுகிறார்கள்.

1979-ல் அரசின் டான்செம் ஆலை அரியலூரில் தொடங்கியது. அதன்பிறகு ரெட்டிப்பாளையம், கோவிந்தபுரம், கீழப்பழுவூர், தளவாய், தாமரைக்குளம் என்று வரிசையாகப் புகைபோக்கிகள். அரைத்தால் சிமென்ட்டாகும் கிளிங்கர் ஒரு டன்னுக்குச் சுமார் ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் வேண்டும். துளை போட்டு, வெடி வைத்து, டிப்பரில் அள்ளி, கிரஷரில் நொறுக்கி, களிமண்ணோடு அரைத்து, 1,450 டிகிரி சூளையில் சுட்டால் எந்த இனம், எந்த நெளிவு, எத்தனை கோடி ஆண்டு எல்லாம் ஒன்றுதான். ஓடு கட்டுவதற்காக அந்தச் சிப்பி கடல்நீரிலிருந்து பிடித்துவைத்த கரியமில வாயு, ஏழு கோடி ஆண்டு கழித்து, புகைபோக்கி வழியாக வெளியேறுகிறது. சென்னையிலோ கோவையிலோ நம் வீட்டுச் சுவரில் அரியலூர்ச் சிப்பி கொஞ்சமாவது இருக்க நிறையவே வாய்ப்பு.

ஆலையை மட்டும் வில்லனாக்கிவிட்டுப் போக மனம் வரவில்லை. ஓட்டைச் சுடுவது நமக்குப் புதிதல்ல. கிளிஞ்சல் சுண்ணாம்பு இல்லாமல் செட்டிநாட்டுச் சுவர் இல்லை, தாம்பூலம் இல்லை. மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பு எரிவது சிமென்ட்டால்தான். ஆய்வுக்கும் சுரங்கம் உதவியிருக்கிறது. தரையோடு தரையாகக் கிடக்கும் இந்த ஊரில் பாறையின் குறுக்குவெட்டு வேண்டுமென்றால் சுரங்கத்தின் வெட்டுமுகம்தான் கதி. நல்ல மாதிரிகள் பலவும் அங்கிருந்து வந்தவை. சிக்கல் வேகத்தில் இருக்கிறது. வெடி வைத்ததற்கும் டிப்பர் நகர்வதற்கும் நடுவே ஒருவர் போய்ப் பார்த்தால்தான் ஓடு மிஞ்சும். பார்க்கத் தெரிந்தவர் அந்த நேரத்தில் அங்கே இருக்க வேண்டும்.

ஓடு போனபின் படம் எவ்வளவு பெரிய சொத்து என்பதற்கு இதே மாவட்டத்து எலும்பு ஒன்று சாட்சி. கல்லமேடு அருகே கிடைத்த மிகப்பெரிய எலும்புகளை வைத்து யாதகிரி, அய்யாசாமி என்ற இரு புவியியலாளர்கள் 1980-களின் கடைசியில் ‘புருகத்காயோசாரஸ்’ என்று ஒரு டைனோசருக்குப் பெயர் சூட்டினார்கள். அதன் கீழ்க்கால் எலும்பு மட்டுமே இரண்டு மீட்டர் நீளம் என்று பதிவானது. உலகின் மிகப் பெரிய நில விலங்குகளில் ஒன்றாக இருக்கலாம். ஆனால் எலும்பு இன்று இல்லை. மண்ணின் ஈரத்தில் பொரிந்துபோயிருந்த அது, எடுத்துச் செல்வதற்குள் பொடிந்துவிட்டது. மிஞ்சியது கட்டுரையோடு அச்சான சில கோட்டுப்படங்கள். அவற்றை வைத்துக்கொண்டு, இது மரக்கட்டையாக இருக்குமோ என்றுகூட வெளிநாட்டில் சந்தேகப்பட்டார்கள். 2022-ல் அய்யாசாமியும் இன்னோர் ஆய்வாளரும் அந்தக் காலத்துப் புகைப்படங்களைத் தேடியெடுத்து வெளியிட்ட பிறகுதான் எலும்பின் பக்கம் நியாயம் கொஞ்சம் சாய்ந்தது. முப்பது ஆண்டு விவாதத்தில் அந்த விலங்கின் இருப்பே ஒரு கோட்டுப்படத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

எங்கே போய்ப் பார்ப்பது?

ஃபோர்ப்ஸ் பெயர் வைத்த ஓடுகள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில். ஸ்டோலிச்கா விவரித்தவை கொல்கத்தாவில். ஒரு இனத்துக்கு முதன்முதலில் பெயர் வைத்தபோது எந்த ஓடு கையில் இருந்ததோ அதற்கு அறிவியலில் தனி மதிப்பு. சந்தேகம் வந்தால் அதைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். அரியலூர் கலைக் கல்லூரி மாணவர் தன் ஊர்ச் சிப்பியின் மூலத்தைப் பார்க்க வேண்டுமானால் கொல்கத்தாவுக்கு ரயில் ஏற வேண்டும். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் புவியியல் கூடத்தில் சில இருக்கின்றன. உள்ளூரில் வாரணவாசியில் அரசு புதைபடிவ அருங்காட்சியகம் வந்திருக்கிறது. விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிப்போக நல்ல இடம், திருச்சியிலிருந்து வருகிறவர்கள் கங்கைகொண்ட சோழபுரத்தோடு சேர்த்து ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

சட்டத்தின் கணக்கு விசித்திரமாக இருக்கிறது. உயிருள்ள சில சங்கினங்களை 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் சேர்த்தார்கள். கன்னியாகுமரிக் கடற்கரைக் கடைகளில் அவற்றை விற்றால் வழக்கு. கல்லாகிப்போன ஓட்டுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. புவிமரபு இடங்களைக் காக்க மத்திய அரசு 2022 டிசம்பரில் ஒரு மசோதாவின் வரைவை வெளியிட்டது. அது வரைவிலேயே நிற்கிறது. வந்தாலும் காரை மாதிரி இடங்களுக்கு வேலி போட உதவுமே தவிர, குத்தகை நிலத்தில் வெடிக்கும் முன் யார் பார்ப்பது என்பதற்கு அதில் விடை இருக்குமா என்பது சந்தேகம்தான்.

சட்டம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பெரிய சுரங்கத்திலும் புவியியல் படித்தவர்கள் சம்பளத்தில் இருக்கிறார்கள். வெட்டுமுகத்தை மாதம் ஒருமுறை அளவுகோல் வைத்துப் படமெடுத்து, எந்த அடுக்கு, எந்த ஆழம், எந்தத் தேதி என்று எழுதிப் பொதுவில் வைப்பது அவர்களுக்குப் பெரிய வேலை இல்லை. பொறுக்குகிற பிள்ளைகளுக்கும் அதையே சொல்லித் தரலாம். எடுத்த இடம் எழுதாத ஓடு, எவ்வளவு அழகாக இருந்தாலும், அலமாரிப் பொம்மைதான். எடுக்கும் முன் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து செல்போனில் நான்கு பக்கமும் படம், ஊர், ஓடை அல்லது குளத்தின் பெயர், இது போதும். பிளான்ஃபோர்டின் கையில் இருந்ததைவிட நல்ல கருவி இன்று எல்லார் பையிலும் இருக்கிறது.

ஸ்டோலிச்காவின் படத்தட்டுகளுக்குக் காப்புரிமை முடிந்து எத்தனையோ காலமாகிறது. ஸ்கேன் செய்து இணைய நூலகங்களில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். செந்துறை, ஆலத்தூர் வட்டங்களின் அரசுப் பள்ளிகளில் அறிவியல் ஆசிரியர்கள் பத்துத் தட்டுகளைப் பெரிதாக அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, அடியில் ஊர்ப்பெயர்களைத் தமிழில் எழுதிவைக்கலாம். ஓடையிலிருந்து கொண்டுவந்த ஓட்டைச் சுவரோடு வைத்து எந்தப் படம் என்று கண்டுபிடிக்கச் சொன்னால் ஒரு வருடத்துப் பாடம் அதிலேயே இருக்கிறது. கொஞ்சம் முயன்றால், பொருந்தாத ஓடு ஒன்றும் வந்து சேரலாம்; ஸ்டோலிச்காவும் எல்லாவற்றையும் பார்த்துவிடவில்லை. அப்படி வந்தால் அதை வரையும் வேலை இந்தமுறை கல்கத்தாவுக்குப் போகக் கூடாது.